லூயிஸ் என்னும் பெயரும் எங்கள் ஐயாமாரின் பெயரும்

முத்தையன்கட்டிலிருந்தும் கனகராயன்குளத்திலிருந்தும் அக்கராயனிலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறி வந்திருக்கும் மாணவ மாணவியரே!

உங்கள் ஊர்களைப் பெயர் சொல்லி அழைத்ததற்குக் காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர்: லூயிஸ். வன்னியில், தமிழ் மேடையில் அதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1895ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு நூல் அச்சாயிற்று. வவுனியா, முல்லைத்தீவு என்ற வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் அது. எங்கள் குளங்கள், காணி வழக்கம், கோயில்கள், காட்டுக்குள் கிடக்கும் இடிபாடுகள், சாதிகள், நோய்கள், நம்பிக்கைகள் என்று கண்டதையும் கேட்டதையும் சேர்த்து எழுதியவர் ஜோன் பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி. வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்த எவரும் அந்த நூலைத் தொடாமல் போனதில்லை. பண்டாரவன்னியனைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதில்தான் போய் நிற்கிறார்கள்.

என்னிடம் அதன் போட்டோப் பிரதி ஒன்று இருக்கிறது. எங்களைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்று தேடித் தேடிப் பல தடவை புரட்டியிருக்கிறேன். ஒருநாள் முகப்புப் பக்கத்தோடு நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் பொருள் கேட்டு எழுதிய இந்த மனிதரின் பெயருக்கு என்ன பொருள்? அதை நாங்கள் யாராவது கேட்டோமா?

தேடினேன். கிடைத்ததைச் சொல்கிறேன்.

மூன்று சொல் கொண்ட பெயர் அது. ஜோன் என்பது எபிரேய மொழியிலிருந்து வந்த விவிலியப் பெயர். எங்கள் கரையோர ஊர்களில் அருளப்பர் என்று வழங்குவதும் அதுதான். நடுவில் இருப்பது பென்றி. இது பிரித்தானியாவின் மேற்குப் பக்கத்தில் உள்ள வேல்ஸ் நாட்டுப் பெயர். வேல்ஸ் மொழியில் ‘அப்’ என்றால் மகன். ‘அப் ஹென்றி’, அதாவது ஹென்றியின் மகன், நாக்கில் உருண்டு உருண்டு பென்றி ஆயிற்று. ஆக, நடுப் பெயரே ஒரு தகப்பனின் பெயர்.

கடைசியில் வருவது லூயிஸ். இதன் வேர் ஐரோப்பாவில் பிராங்கியர் என்ற பழைய இனத்தாரின் மொழியில் இருக்கிறது. ஹ்லூட் என்றால் புகழ்பெற்ற, பலர் கேட்ட. விக் என்றால் போர். இரண்டும் சேர்ந்து ஹ்லூட்விக்: போரில் பெயர் எடுத்தவன். முதற்பாதியைச் சற்றுக் கவனியுங்கள். வடமொழியில் கேட்கப்பட்டது என்ற பொருளில் வரும் சுருதம் என்ற சொல்லும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. நாங்கள் சங்கீதத்தில் ‘சுருதி சேரவில்லை’ என்கிறோமே, அந்தச் சுருதிக்கும் லூயிஸ் துரையின் பெயருக்கும் பல ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உறவு இருக்கிறது.

511இல் இறந்த பிராங்கிய அரசன் குளோவிஸ் தாங்கியது இந்தப் பெயரையே. ஜேர்மனியில் அது லூட்விக், பிரான்சில் லூயி. பதினெட்டு லூயி மன்னர்கள் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்தபோது பெயரும் கூடவே கடல் கடந்தது. ஆங்கில வாயில் லூயிஸ் ஆயிற்று.

இதே பெயர் வேறொரு வழியாக எங்கள் மண்ணுக்கும் வந்திருக்கிறது. போர்த்துக்கேயர் அதை லூயிஷ் என்று கொண்டுவந்தார்கள். இலத்தீன் கோலத்தில் அது அலோசியஸ். முல்லைத்தீவுக் கரையில் அலோசியஸ் என்ற பெயர் இல்லாத தெரு இருக்குமா? அலோசியஸ் கொன்சாகா என்ற இத்தாலியப் புனிதரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என்கிறார்கள். அவர் நினைவாக எத்தனை வீட்டில் ஞானப்பிரகாசம் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள்! போரில் பெயர் எடுத்தவன் என்று புறப்பட்ட ஒரு சொல், எங்கள் கரையில் இறங்கியபோது அறிவின் ஒளி என்ற சட்டையைப் போட்டுக்கொண்டது. மொழிபெயர்ப்பாளர் யாரென்று தெரியாது. கைகூப்பி வணங்கத் தக்க வேலை.

ஆனால் வேல்ஸில் லூயிஸ் என்ற பெயர் பெருகியதற்குக் காரணம் இந்தப் பிராங்கிய வழி மட்டும் அல்ல. என் மனதைத் தைத்தது அந்தக் கதைதான்.

வேல்ஸ் மக்களுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஆங்கிலக்காரர் வாயில் அது லுவெலின். அதன் முதல் எழுத்தின் ஒலி ஆங்கிலத்தில் இல்லை. நாக்கை மேலண்ணத்தோடு வைத்துப் பக்கவாட்டில் காற்றை ஊதி எழுப்பும் ஒலி அது. எங்கள் ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதப் படும் பாடு உங்களுக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலின் ளகரத்துக்கும் முல்லைத்தீவின் லகரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துத்தான். அதே இக்கட்டு அங்கேயும். நீதிமன்றத்து எழுத்தர் லுவெலின் என்று கேட்டு, எழுதத் தெரியாமல், தனக்குத் தெரிந்த லூயிஸ் என்ற பெயரை எழுதி வைத்தார். நாளடைவில் லுவெலின்மாரே தங்களை லூயிஸ் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

லுவெலின் என்பது வேல்ஸ்காரருக்குச் சாதாரணப் பெயர் அல்ல. லுவெலின் அப் கிரிஃபித் என்ற இளவரசர் 1282 டிசம்பர் 11ஆம் திகதி ஆங்கிலப் படையோடு நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். வேல்ஸ் தன் சுதந்திரத்தை இழந்தது அவரோடுதான். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியன் எங்களுக்கு எப்படியோ, லுவெலின் அவர்களுக்கு அப்படி. அந்தப் பெயரின் மேல் வென்றவனின் மொழிப் பெயரை ஒட்டி மூடிவிட்டார்கள். வாள் கொண்டு செய்ததல்ல, கணக்கப்பிள்ளையின் பேனா செய்தது.

இனி, இது எப்படிக் குடும்பப் பெயர் ஆயிற்று என்று பார்ப்போம்.

வேல்ஸ்காரருக்குப் பழைய காலத்தில் குடும்பப் பெயரே கிடையாது. எங்களைப் போல்தான். ஒருவன் பெயர், அவன் தகப்பன் பெயர், தேவைப்பட்டால் பாட்டன், பூட்டன் பெயர். தகப்பன் ரைஸ் என்றால் மகன் அப் ரைஸ். மகளுக்கு ‘ஃவெர்க்’ என்ற சொல். கலியாணம் கட்டினாலும் பெண் தன் தகப்பன் பெயரை விடமாட்டாள். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும், ஓடிக்கொண்டே இருக்கும்.

1536இலும் 1543இலும் எட்டாம் ஹென்றி காலத்தில் இயற்றிய சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்டது. நீதிமன்ற மொழி ஆங்கிலம் ஆயிற்று. பதிவேட்டில் ஓடும் பெயரை எழுத இடமில்லை; நிற்கும் பெயர் வேண்டும். அந்தந்தத் தலைமுறையில் எந்தத் தகப்பன் பெயர் அகப்பட்டதோ அது அப்படியே உறைந்து போயிற்று. அப் ரைஸ் என்றது பிரைஸ் ஆகி நின்றது. அப் ஹவெல் பவல் ஆயிற்று, அப் ஹாரி பரி ஆயிற்று, அப் எவன் பெவன் ஆயிற்று. அப் லூயிஸ் என்றதில் அப் உதிர்ந்து லூயிஸ் மட்டும் தங்கிற்று. பெரிய வீட்டுக்காரர் முதலில் மாறினார்கள். சில மலைப்பகுதிகளில் பழைய முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் தாக்குப் பிடித்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே அரசாங்க அதிபராக இருந்த துரைமாரைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் லெனாட் வுல்ஃப் எழுதியிருக்கிறார். அவர் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்தபோது அதிபர் கதிரையில் இருந்தவர் இதே லூயிஸ். அவருக்குப் பின் வந்தவர் பிரைஸ். எங்கள் சனம் இருவரையும் இங்கிலீசுத் துரை என்றே கண்டது. பெயரைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் வேல்ஸ்காரரின் தகப்பன் பெயர்கள். வடமாகாணத்தை அடுத்தடுத்து ஆண்டது, தங்கள் தகப்பன் பெயர் ஒருநாள் ஏட்டில் உறைந்துபோன ஒரு சனத்தின் பெயர்கள்.

தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்லும் இந்த முறை எங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சாத்தன் என்பவனின் மகன் கொற்றன் என்றால் பழந்தமிழில் எப்படி வரும்? சாத்தங்கொற்றன். தகப்பன் பெயரின் ஈறு கெட்டு, இடையில் அம் என்ற சாரியை வந்து, மகன் பெயரோடு ஒட்டும். தொல்காப்பியம் எழுத்ததிகாரம் இதற்கென்றே விதி வகுத்து வைத்திருக்கிறது. அப் ரைஸ் பிரைஸ் ஆனதற்கு வேல்ஸில் எவரும் முன்கூட்டி விதி எழுதி வைக்கவில்லை. எங்கள் இலக்கணக்காரர் பல நூற்றாண்டுக்கு முன்பே தகப்பன் பெயரும் மகன் பெயரும் எப்படிப் புணரும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தகப்பனையும் பிள்ளையையும் ஒட்டவைக்க இலக்கணத்தில் இடம் ஒதுக்கிய மொழி இது. பேரன் என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். பெயரன், பெயரைத் தாங்குபவன். நாங்கள் தாத்தாவைப் பேரன் என்கிறோம். தமிழ்நாட்டில் பேரப்பிள்ளையைப் பேரன் என்கிறார்கள். இரண்டும் சரி. பெயர் ஒரு தலைமுறை தாண்டி முன்னும் பின்னும் போய்வரும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

என் அண்ணை 1980களில் கனடாவுக்குப் போனவர். 2014இல் நான் அவரைப் பார்க்க ரொறன்ரோவுக்குப் போயிருந்தேன். ஒருநாள் கண் காட்டவென்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வரிசையாகக் கதிரைகள். நீலச் சட்டை போட்ட ஓர் இளம் பெண் கையில் கடதாசியோடு கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். எங்கள் ஐயாவின் பெயர். அசை பிரித்து, ஒவ்வொன்றையும் அழுத்தி, அந்த நாட்டு உச்சரிப்பில். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். ஐயா போய் அப்போது இருபது வருடம். திரும்பிப் பார்த்தால் அண்ணையும் எழுந்து நிற்கிறார். “என்னைத்தான்டா தம்பி. இஞ்ச என்ர பேர் அதுதான்” என்றார்.

எங்கள் அடையாள அட்டையில் ஐயாவின் பெயர் முன்னுக்கும் பிள்ளையின் பெயர் பின்னுக்கும் இருக்கும். வெளிநாட்டுப் படிவத்தில் முன்னுக்கு இருப்பது சொந்தப் பெயர், பின்னுக்கு இருப்பது குடும்பப் பெயர். அதனால் அண்ணை முப்பது வருடத்துக்கு மேலாக ஐயாவின் பெயரில் கூப்பிடப்படுகிறார். அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராகி அவர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விட்டது. அண்ணையின் மகள் அங்கே ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் செய்தாள். அவர்களுடைய குழந்தையின் பெயருக்குப் பின்னாலும் ஒரு சிறு கோடு போட்டு அண்ணையின் பெயர் இருக்கிறது. வேல்ஸில் 16ஆம் நூற்றாண்டில் நடந்தது எங்கள் வீட்டில் எங்கள் கண் முன்னால் நடந்திருக்கிறது. உறைந்தது அண்ணையின் பெயர். அவருக்கு அடுத்து வருகிறவர்கள் எவருக்கும் ஐயாவின் பெயர் இல்லை.

இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். உறைந்த பெயரும் வாழும். லூயிஸ் என்ற பெயர் எங்கெல்லாம் போயிற்று என்று பாருங்கள். இன்று வேல்ஸில் மிகப் பரவலான பத்துப் பெயர்களில் அதுவும் ஒன்று. ஒரே பெயரில் ஊரெல்லாம் ஆட்கள் இருப்பதால், ‘ரொட்டிக்கடை லூயிஸ்’, ‘தபால் லூயிஸ்’ என்கிற மாதிரித் தொழிலைச் சேர்த்துக் கூப்பிடுவார்களாம். எங்கள் ஊரில் ‘சங்கக்கடை அண்ணை’, ‘மில்லுக்காரர்’ என்பது போல. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் லூயிஸ் என்ற குடும்பப் பெயர் உடையவர்கள் 5 இலட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும் தொகையினர் கறுப்பின மக்கள். அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டபோது அவர்களின் மூதாதையர் சொந்தப் பெயரைப் பறிகொடுத்தார்கள். பின்னால் கிடைத்தது இந்த மாதிரிப் பெயர்கள். சென் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்த ஆதர் லூயிஸ் 1979இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஏழை நாடுகளின் வயலில் மிதமிஞ்சிக் கிடக்கும் உழைப்பைப் பற்றி எழுதியவர் அவர். வன்னி விவசாயியும் படிக்க வேண்டிய சிந்தனை. ஓட்டவீரர் கார்ல் லூயிஸை எல்லோருக்கும் தெரியும். அவர் நினைவாக இங்கிலாந்தில் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு லூயிஸ் என்று முதற்பெயர் வைத்தார். அந்தப் பிள்ளைதான் கார்ப் பந்தய வீரர் லூயிஸ் ஹமில்டன். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, அட்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, திரும்பி வந்து மறுபடியும் ஒரு குழந்தையின் சொந்தப் பெயர் ஆகியிருக்கிறது.

ஆக, பெயர் உறைவதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. எழுதாமல் அழிவதைப் பற்றித்தான் பயம்.

தொடக்கத்தில் உங்கள் ஊர்களைப் பெயர் சொல்லி அழைத்தேன் அல்லவா? வேல்ஸில் மனிதரின் பெயர் குடும்பப் பெயரில் தங்கியது. வன்னியில் அது குளத்தில் தங்கியிருக்கிறது. முத்தையன்கட்டு என்பதில் ஒரு முத்தையன் இருக்கிறான். கனகராயன்குளத்தில் ஒரு கனகராயன், அக்கராயனில் ஓர் அக்கராயன், கதிரவேலர் பூவரசங்குளத்தில் ஒரு கதிரவேலர். அவர்களின் பேரப்பிள்ளைகள் யாரென்று பதிவேட்டில் இல்லை. குளம் மட்டும் ஒவ்வொரு மாரியிலும் நிரம்பி, அந்தப் பெயரைக் கமக்காரர் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு என்று கேட்டவுடன் கட்டு உடைத்துக்கொண்ட இடம் என்று வயதானவர்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் முறிப்பு என்றால் என்னவென்று கேட்டேன். மரம் முறிந்ததா சேர் என்றாள். பிள்ளையில் பிழை இல்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

லூயிஸ் துரை இதில் எங்களை முந்திக்கொண்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்சிக்கு வந்தவர், எங்களை மேலிருந்து பார்த்தவர், அந்தக் குறை நூலில் உண்டு. ஆனாலும் கேட்டு எழுதினார். வயற்களத்தில் கமக்காரர் பேசும் தனிப் பேச்சைப் பற்றி 1884இலேயே ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டார். எங்கள் அப்பு சூடு அடிக்கும் களத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தும்போது முதலில் சொல்வது, “இஞ்ச போ, முடிஞ்சுது, காணாது எண்டெல்லாம் கதைக்கக் கூடாது” என்பதுதான். நெல்லை நெல் என்று சொல்லமாட்டார், பொலி என்பார். சுளகிலிருந்து காற்றில் விழும்போது பொலி, பொலி என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பார். பதர் ஒரு பக்கம் பறக்கும், மணி காலடியில் குவியும். இன்று வெட்டுமெசின் வயலுக்குள் இறங்கி ஒரு மணித்தியாலத்தில் மூட்டையாகத் தந்துவிடுகிறது. களமும் இல்லை, களத்துப் பேச்சும் இல்லை. துரை அதை 140 ஆண்டுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். நாங்கள் எங்கள் அப்புமாரிடம் கேட்டுத் தமிழில் எழுதினோமா?

அதே லூயிஸ் 1913இல் இன்னொரு பெரிய நூல் வெளியிட்டார். இலங்கை முழுவதும் உள்ள கல்லறைகளிலும் நினைவுக் கற்களிலும் பொறித்த வாசகங்களின் தொகுப்பு அது. பெரும்பாலும் அவருடைய இனத்தார், ஒல்லாந்தர் முதலியோரின் கல்லறைகள். புல் மூடிக் கிடந்த கல்லைத் துடைத்து, பெயரை வாசித்து, யார் பிள்ளை, எந்த ஊர், என்ன தொழில் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். 2009இல் போரின் முடிவில் இந்த மண்ணில் இறந்தவர்கள் இத்தனை பேர், இவர்கள் இவர்கள் என்று முழுமையான ஒரு பெயர்ப் பட்டியல் இன்னும் இல்லை. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் விளக்கு ஏற்றுகிறோம். ஒவ்வொரு விளக்கும் ஒரு பெயருக்கு உரியது. அந்தப் பெயர் ஏற்றுகிறவரின் மனதில் மட்டும் இருக்கிறது. அவரும் போனால்?

இடம்பெயர்ந்த காலத்தில் பிறப்புச் சாட்சிப்பத்திரம், காணி உறுதி, கோயில் கணக்குக் கொப்பி எல்லாம் பங்கருக்குள்ளும் பாதையிலும் போயின. முகாமில் வரிசையில் நின்று பெயர் சொன்னோம். எங்கள் மொழி தெரியாதவர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். லுவெலின் லூயிஸ் ஆன இடம் அதுதான். என் ஆச்சியின் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பாருங்கள், இருக்கும்.

மாணவர்களே, உங்களில் பலர் கடவுச்சீட்டு எடுப்பீர்கள். அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதைப் போடுவது என்று வீட்டில் இருந்து, அம்மா அப்பாவோடு பேசி, யோசித்துப் போடுங்கள். ஏஜென்சிக்காரரையும் கவுண்டரில் இருப்பவரையும் தீர்மானிக்க விடாதீர்கள். அந்தக் கட்டத்தில் போடுகிற சொல் உங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வரை போகும்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு, பெரிய கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். நாலு பேனா இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டுப் போகிற வழியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உங்கள் பெயர், உங்கள் ஐயாவின் பெயர், அம்மாவின் பெயர், பேரன் பேத்திமாரின் பெயர்கள், தெரிந்தால் அதற்கும் மேலே. பிறகு உங்கள் குளத்தின் பெயரும், அது ஏன் அப்படி வந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டதும். போரில் இழந்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும். எல்லாவற்றையும் தமிழில், நீங்கள் வீட்டில் கூப்பிட்டபடியே எழுதுங்கள். எழுதக் கை நடுங்குகிறவர்களுக்கு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் மேசையடியில் நிற்கிறார்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் எழுதுவார்கள். முதல் பக்கத்தில் எங்கள் ஐயாவின் பெயரை இன்று காலை நானே எழுதிவிட்டேன். அதற்குக் கீழே இடம் இருக்கிறது.